மூன்று மாதம் முடிந்துவிட்டது என்று யார் சொன்னது?

கேள்வி:

எனக்கு 27 வயது. யாழ் நகரத்தில் ஒரு தனியார் நிதிக் கொம்பனியின் கிளையில் நாலு வருடமும் நாலு மாதமுமாக வேலை செய்கிறேன். வடமராட்சியில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். போன வருடம் மாற்றலாகி வந்த கிளை முகாமையாளர் ஏழெட்டு மாதமாக என்னைத் தொந்தரவு செய்கிறார். முதலில் என் உடுப்பைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் கதை. பிறகு இரவு பத்து மணிக்கு மேல் வட்ஸ்அப்பில் செய்தி. ஒருநாள் கணக்கு முடிக்க வேண்டும் என்று மற்றவர்கள் போன பிறகும் என்னை மறித்து வைத்து, கதிரைக்குப் பின்னால் வந்து தோளில் கை வைத்தார். தட்டிவிட்டேன். "கிளிநொச்சிக் கிளைக்கு ஆள் தேவையாம், உம்மை அனுப்பட்டோ" என்று சிரித்தார். அதற்குப் பிறகும் செய்தி அனுப்புவதை நிறுத்தவில்லை.

என்னிலும் பிழை இருக்கிறது. ஆரம்பத்தில் அவருடைய செய்திகளுக்கு நானும் சிரித்த முகம் போட்டுப் பதில் அனுப்பினேன். ஒரு மழை நாளில் அவருடைய காரில் பஸ் நிலையம் வரை போனேன். கூட வேலை செய்யும் ஒரு அக்காவிடம் சொன்னபோது "பேசாமல் இரும், உமக்குத்தான் கெட்ட பேர்" என்றார். இணையத்தில் தேடிப் பார்த்தேன். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் விசாரணைக் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்று இருந்தது. எங்கள் கொம்பனியில் குழு இல்லை. தோளில் கை வைத்து நாலு மாதமாகிவிட்டது. பார்த்த சாட்சியும் இல்லை. வீட்டில் கலியாணம் பேசுகிறார்கள். "தனிப்பட்ட காரணங்களால் வேலையில் இருந்து விலகுகிறேன்" என்று கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கொடுத்துவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் கீழே விரிவாக எழுதுகிறேன். அதற்கு முதல் அந்த மூன்று மாதக் கதையைத் தீர்த்துவிடுவோம். உங்களை மிகவும் பயப்படுத்தியிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் வாசித்தது இந்தியச் சட்டம். அங்கே 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வழிகாட்டல்களைத் தந்தது, பிறகு 2013இல் தனிச் சட்டமே வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு, மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு, தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டலாம் என்பதெல்லாம் அந்தச் சட்டத்தில் உள்ளவை. தமிழில் தேடினால் தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியவைதான் முதலில் வரும். அவை பிழையில்லை, ஆனால் யாழ்ப்பாணத்துக்குச் செல்லாது. என்னிடம் வரும் பெண்களில் பலர் இதே குழப்பத்தோடு, "காலம் முடிஞ்சுது அக்கா" என்று சொல்லிக்கொண்டுதான் கதிரையில் இருக்கிறார்கள்.

இங்கே உங்களுக்குக் கைகொடுப்பது எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதைப் புதிதாக எழுதியது. தாக்கியோ பலாத்காரம் பிரயோகித்தோ ஒருவருக்குப் பாலியல் தொந்தரவு கொடுப்பதும், சொல்லாலோ செயலாலோ பாலியல் ரீதியான எரிச்சலோ தொந்தரவோ உண்டாக்குவதும் குற்றம். தண்டனை ஐந்து வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம். மனப் பாதிப்பையும் இந்தப் பிரிவு காயமாகவே எடுத்துக்கொள்கிறது.

அந்தப் பிரிவோடு சேர்த்து ஒரு விளக்கமும் இருக்கிறது. அதிகாரத்தில் இருக்கும் ஒருவர், வேலைத்தலத்திலோ வேறு எந்த இடத்திலோ, சொல்லாலோ செயலாலோ செய்யும் விரும்பத்தகாத பாலியல் அணுகல் பாலியல் தொந்தரவு என்ற குற்றமாகும் என்று அது நேரடியாகவே சொல்கிறது. உங்கள் கடிதத்தை இதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் உங்கள் முகாமையாளர், அதாவது அதிகாரத்தில் இருப்பவர். கந்தோரில் சொன்னதும் செய்ததும் வேலைத்தலத்தில் நடந்தவை. இரவு பத்து மணிக்கு நீங்கள் வீட்டில் இருக்கும்போது வந்த செய்தி "வேறு எந்த இடத்திலோ" என்பதற்குள் வரும். "நான் தொடவே இல்லை, பகிடிக்குச் சொன்னேன்" என்று நாளைக்கு அவர் சொன்னாலும், சொல் மட்டுமே போதும் என்று சட்டம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. இந்தப் பிரிவு "இன்னொரு ஆள்" என்று பொதுவாகத்தான் சொல்கிறது. ஆண் ஊழியர் ஒருவருக்கு இது நடந்தாலும் இதே பிரிவுதான்.

சிரித்த முகத்துக்கும் கார் பயணத்துக்கும் வருகிறேன். சம்பள உயர்வுக்குச் சிபாரிசு எழுதுபவர், லீவில் கையெழுத்து வைப்பவர், நினைத்தால் கிளிநொச்சிக்கு அனுப்பக்கூடியவர். அவர் அனுப்பிய செய்திக்கு மரியாதையாக ஒரு பதில் போடாமல் எத்தனை பேரால் இருக்க முடியும்? மழையில் பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட்டது ஒரு உதவி, அவ்வளவுதான். அந்த உதவியை ஏற்றதால் தோளில் கை வைக்க அனுமதி கொடுத்ததாக ஆகாது. நீங்கள் கையைத் தட்டிவிட்டிருக்கிறீர்கள். அந்த நொடியில் உங்கள் விருப்பமின்மை அவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் தொடர்ந்தது அவர். "என்னிலும் பிழை இருக்கிறது" என்ற வசனத்தை முறைப்பாட்டில் எழுதிவிடாதீர்கள். உண்மையில் அப்படி ஒன்று இல்லை என்பதால்தான் சொல்கிறேன். அந்தச் சிரித்த முகச் செய்திகளை மட்டும் அழித்துவிடாதீர்கள். அவற்றை மறைக்க வேண்டிய தேவையே இல்லை, மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

இனிக் காலக்கெடு. எங்கள் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி கொலையும் தேசத்துரோகமும் தவிர்ந்த மற்றக் குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் உரிமை பொதுவாக 20 வருடத்தில்தான் காலாவதியாகும். உங்களுக்கு ஆகியிருப்பது நாலு மாதம். குற்றவியல் வழக்கைத் தவிர, மாவட்ட நீதிமன்றத்தில் அவரிடம் நட்டஈடு கேட்டுத் தனியாகக் குடியியல் வழக்குப் போடுவதென்றால் அதற்கு இரண்டு வருடக் கெடு. அதுவும் உங்களுக்கு நிறையவே மிச்சம் இருக்கிறது. ஆனால் சட்டம் 20 வருடம் தருகிறது என்பதற்காக ஆறுதலாகச் செய்வோம் என்று இருந்துவிட வேண்டாம். போன் பழுதாகும், கூட வேலை செய்தவர்கள் வேறு இடம் போய்விடுவார்கள், உங்களுக்கே திகதிகள் கலங்கும்.

குழுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தனியார் நிறுவனம் ஒவ்வொன்றிலும் விசாரணைக் குழு இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இந்தியாவில் இருப்பதுபோல எங்களிடம் இல்லை. இது எனக்கு நீண்ட காலமாக இருக்கும் கோபம். 345ஆம் பிரிவு குற்றம் செய்தவரைத் தண்டிக்கிறது. ஆனால் முறைப்பாடு வந்ததும் முதலாளி என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளில் விசாரிக்க வேண்டும், முறைப்பாடு செய்தவரைப் பழிவாங்காமல் எப்படிக் காக்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. பெரிய கொம்பனிகள் சில தாங்களாகவே கொள்கை எழுதி வைத்திருக்கின்றன. உங்கள் கொம்பனிக்குக் கொழும்பில் தலைமைக் கந்தோர் இருக்கும். கிளையில் குழு இல்லையென்றாலும் தலைமைக் கந்தோரின் மனிதவளப் பிரிவில் ஒரு கொள்கை இருக்கக்கூடும். நியமனக் கடிதத்தோடு தந்த ஒழுக்கக் கோவையை எடுத்து வாசித்துப் பாருங்கள். அதில் ஒரு வரி இருந்தாலும் அந்த வரியை உங்கள் கடிதத்தில் எடுத்துக் காட்டலாம்.

சாட்சி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படியான காரியத்தை யாரும் நாலு பேர் பார்க்கச் செய்வதில்லை, அது நீதிமன்றத்துக்கும் தெரியும். எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, எந்த விடயத்தையும் நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கு இல்லை என்கிறது. நம்பத்தகுந்ததாக இருந்தால் ஒருவருடைய சாட்சியே போதும். அப்படியென்றால் உங்கள் வாக்குமூலம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதில்தான் காரியம் தங்கியிருக்கிறது.

இன்று இரவே ஒரு கொப்பியை எடுங்கள். நடந்த ஒவ்வொன்றையும் திகதி, நேரம், இடம், அவர் சொன்ன சொல், நீங்கள் சொன்ன பதில், அப்போது கந்தோரில் யார் யார் நின்றார்கள் என்று எழுதுங்கள். திகதி சரியாக நினைவில்லையென்றால் "நல்லூர்த் தேர் முடிந்த கிழமை", "மாதக் கணக்கு முடிக்கும் நாள்" என்று நினைவில் உள்ளபடியே எழுதுங்கள். ஊகித்து ஒரு திகதியைப் போட்டுவிட வேண்டாம். பிறகு குறுக்கு விசாரணையில் அந்த ஒரு திகதியைப் பிடித்துக்கொண்டே உங்களைப் பொய்யாக்கப் பார்ப்பார்கள். இனி நடப்பதையும் அன்றன்றே அதே கொப்பியில் எழுதுங்கள்.

வட்ஸ்அப் செய்திகளில் கவனம். ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். அவருடைய இலக்கமும் திகதியும் தெரியும்படி, முழு உரையாடலும் தொடக்கம் முதல் இருக்க வேண்டும். உங்களுக்குச் சாதகமான துண்டை மட்டும் வெட்டி வைத்தால் அதன் பெறுமதி குறைந்துவிடும். உரையாடலை அப்படியே மின்னஞ்சலுக்கு ஏற்றி ஒரு பிரதி வையுங்கள். போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க விசேட சான்றுச் சட்டமும் 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் ஒலிப்பதிவுகளையும் இலத்திரனியல் பதிவுகளையும் சான்றாக ஏற்க வழி வைத்திருக்கின்றன. ஆனால் பதிவில் கைவைக்கப்படவில்லை என்று காட்ட வேண்டும், எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே அறிவித்தலும் கொடுக்க வேண்டும். அந்த நடைமுறையைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார். மூலப் பதிவைப் பத்திரமாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

அந்த அக்காவையும் மறந்துவிடாதீர்கள். "பேசாமல் இரும்" என்று சொன்னவர்தான், ஆனால் நீங்கள் அப்போதே ஒருவரிடம் சொன்னீர்கள் என்பதற்கு அவர்தான் சாட்சி. அவரோடு முறித்துக்கொள்ள வேண்டாம். அவருக்கும் அதே முகாமையாளர்தான், அவருக்கும் பயம் இருக்கும்.

அடுத்தது தலைமைக் கந்தோருக்கு எழுதும் முறைப்பாடு. முறைப்பாட்டைக் கிளை முகாமையாளர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். மனிதவளப் பிரிவுக்கும் பொது முகாமையாளருக்கும் நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள், கையொப்பமிட்ட பிரதியைப் பதிவுத் தபாலிலும் போடுங்கள், பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கந்தோர் மின்னஞ்சலை விட உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருந்து அனுப்புவது நல்லது. நாளைக்குக் கணக்கை முடக்கினாலும் பிரதி உங்களிடம் இருக்கும்.

எங்கள் பெண்கள் எழுதும் முறைப்பாடுகளில் நான் திரும்பத் திரும்பக் காணும் ஒரு குறை இருக்கிறது. "முகாமையாளர் என்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார், தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். கூச்சம்தான் காரணம், எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த இரண்டு வரியை வைத்து யாராலும் விசாரிக்க முடியாது. "அவர் அப்படி ஒன்றும் செய்யவில்லை என்கிறார்" என்று இரண்டு வரியிலேயே பதில் வரும். அதற்குப் பதிலாக "மாலை 5.40 மணியளவில், மற்ற ஊழியர்கள் போன பிறகு, நான் என் மேசையில் இருந்தபோது, பின்னால் வந்து இரண்டு தோளிலும் கை வைத்தார். நான் கையைத் தட்டிவிட்டு எழுந்தேன். அப்போது என்னைக் கிளிநொச்சிக் கிளைக்கு அனுப்பட்டோ என்று கேட்டார்" என்று எழுதுங்கள். அவர் அனுப்பிய செய்திகளின் வசனங்களையும் அப்படியே எடுத்து எழுதுங்கள். அவை அசிங்கமாக இருந்தால் அந்த அசிங்கம் அவருடையது.

கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்றும் கேளுங்கள். விசாரணை முடியும் வரை அவருடைய மேற்பார்வையில் நீங்கள் இருக்கக் கூடாது. உங்களை விட்டு அவரை நகர்த்துவதுதான் முறை. முறைப்பாடு செய்ததற்காக இடமாற்றமோ சம்பள வெட்டோ செய்யக் கூடாது. விசாரிக்கும் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், முகாமையாளருக்கு நெருக்கமானவர்கள் இருக்கக் கூடாது. பதில் இந்தத் திகதிக்குள் எழுத்தில் வேண்டும் என்று ஒரு திகதியும் போடுங்கள். இவற்றை எல்லாம் தர வேண்டும் என்று கொம்பனியைச் சட்டம் நெருக்காவிட்டாலும், நீங்கள் எழுத்தில் கேட்டீர்கள், அவர்கள் மறுத்தார்கள் என்பது பிறகு எந்த மன்றத்திலும் பேசும்.

இப்போது நீங்கள் எழுதி வைத்திருக்கும் விலகல் கடிதத்துக்கு வருவோம்.

கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, வேலையில் இருந்து நியாயமின்றி நிறுத்தப்பட்ட ஊழியர் தொழில் நியாயசபைக்குப் போகலாம். நியாயசபை நீதியும் ஒப்புரவுமான கட்டளை எது என்று பார்த்து, மீண்டும் வேலையில் அமர்த்தச் சொல்லலாம், அல்லது நட்டஈடு தரச் சொல்லலாம். முதலாளி நேரடியாக "போ" என்று சொல்லாவிட்டாலும், இருக்க முடியாத நிலையை உண்டாக்கி ஊழியரைத் தானாகப் போக வைத்தால் அதையும் வேலை நீக்கமாகவே நியாயசபை கருத முடியும். ஆனால் அப்படித்தான் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். "தனிப்பட்ட காரணங்களால்" என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த ஒரு வரியே உங்களுக்கு எதிரான முதல் ஆவணம். கொம்பனியின் சட்டத்தரணி வேறு எதையும் காட்டத் தேவையில்லை. நல்ல வழக்குகள் இந்த ஒரு வரியால் நொந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஒருநாள் போகத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், முறைப்பாடு கொடுத்தும் தீர்வு கிடைக்காததால் போகிறேன் என்று உண்மையான காரணத்தை எழுதிவிட்டுப் போங்கள். அந்தக் கடிதத்தை அனுப்ப முதல் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். நியாயசபைக்குப் போகும் காலக்கெடு மாதக் கணக்கில்தான், குற்ற வழக்குப்போல 20 வருடம் இல்லை. வேலை போன முதல் மாதத்திலேயே நடவடிக்கையைத் தொடங்கிவிட வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, காசுக் கணக்கு. பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடச் சேவை நிறைந்தால்தான் பணிக்கொடை. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் அரை மாதச் சம்பளம். உங்களுக்கு அதற்கு இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது. அவர் செய்த குற்றத்துக்கு உங்கள் பணிக்கொடையை ஏன் இழக்க வேண்டும்? ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் 8 வீதமும் கொம்பனியின் 12 வீதமும், நம்பிக்கை நிதியின் 3 வீதமும் எப்படியும் உங்களுடையவை. முறைப்பாடு செய்தீர்கள் என்று யாரும் அதில் கைவைக்க முடியாது.

கிளிநொச்சி மாற்றல் உண்மையாகவே வந்தால், அது பழிவாங்கல் என்று எழுதி ஆட்சேபித்து, கச்சேரிப் பக்கத்து ஆட்களைக் கேட்டாவது மாவட்டத் தொழில் திணைக்களக் கந்தோரை விசாரித்துப்போய் முறைப்பாடு கொடுங்கள். வேலையில் இருக்கும்போது வரும் பிணக்கைத் தொழில் திணைக்களம் பார்க்கலாம். தொழில் நியாயசபை வேலை போன பிறகுதான். ஆட்சேபித்துக் கடிதம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டாம். "வேலையைத் தானாகக் கைவிட்டுவிட்டார்" என்று எழுதிவிடுவார்கள்.

பொலிஸுக்குப் போவதா இல்லையா என்பது உங்கள் முடிவு. கொம்பனி விசாரணை முடியும் வரை பொலிஸுக்குப் போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கையை வைத்ததோடு அச்சுறுத்தலும் இருப்பதால், முதலில் தலைமைக் கந்தோருக்கு எழுதி, அவர்கள் ஒரு கிழமைக்குள் அசையாவிட்டால் பொலிஸுக்குப் போகலாம். அதற்குள் அவர் மறுபடி கை வைத்தாலோ பின்தொடர்ந்தாலோ அன்றைக்கே போங்கள். சம்பவம் நகரத்தில் நடந்ததால் யாழ்ப்பாணப் பொலிஸ் நிலையத்தில் சிறுவர் பெண்கள் பிரிவுக்குப் போய், பெண் உத்தியோகத்தர் எழுத வேண்டும் என்று கேளுங்கள். அம்மாவையோ நம்பிக்கையான ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். முறைப்பாட்டைத் தமிழில் சொல்லவும் தமிழில் எழுதிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத மொழியில் எழுதியதற்குக் கீழே கையெழுத்து வைக்க வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். "இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சமாதானமாக்கி விடுறம்" என்பார்கள். நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. எடுக்க மறுத்தால் மேலதிகாரியிடமும், அதற்கும் மேல் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். சட்டத்தரணி மூலம் நேரடியாக நீதவான் நீதிமன்றத்தில் தனியார் முறைப்பாடு தாக்கல் செய்யும் வழியும் திறந்தே இருக்கிறது. முறைப்பாட்டுக்குப் பிறகு அவரோ அவருடைய ஆட்களோ உங்களை மிரட்டினால் அது தனிக் குற்றம். பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது.

பெயர் வெளியே வந்துவிடுமோ என்பது உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிற பயம். யாழ்ப்பாணம் சின்ன ஊர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவை உங்கள் வீட்டாரும் தெரிந்து வைத்திருக்கட்டும். 345ஆம் பிரிவுக் குற்றத்தால் பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஒருவருடைய பெயரையோ, அவரை அடையாளம் காட்டும் எந்த விவரத்தையோ வெளியிட்டால் இரண்டு வருடம் வரை சிறை. பத்திரிகை, யூரியூப் சனல், முகநூல் பக்கம் என்று யாரும் "வடமராட்சி யுவதி, இந்த வீதியில் உள்ள நிதிக் கொம்பனி" என்று ஆளைக் காட்டிக்கொடுக்கும்படி எழுத முடியாது. எழுதினால் அவர்கள்மீதே முறைப்பாடு கொடுக்கலாம்.

அதேபோல நீங்களும் முகநூலில் போட வேண்டாம். கோபத்தில் கை துருதுருக்கும், தோழிகளும் போடச் சொல்லுவார்கள். அதிகாரம் உள்ள இடத்துக்கு நல்லெண்ணத்தோடு கொடுக்கும் முறைப்பாட்டுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. ஊருக்கெல்லாம் போடும் பதிவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் உங்களுக்கு எதிராகத் திருப்பப் பார்ப்பார்கள். அவதூறு குற்றமாக இருந்த சட்டம் 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது. எனவே "அவதூறுக்கு உன்னை மறியலுக்கு அனுப்புவேன்" என்று மிரட்டினால் நம்ப வேண்டாம். மானநட்டம் கேட்டு சட்டத்தரணிக் கடிதம் வரலாம். அது ஒரு கடிதம்தான், நீதிமன்றக் கட்டளை இல்லை. வந்தால் நீங்களாகப் பதில் எழுதாமல் கொண்டுவந்து காட்டுங்கள்.

இதை வாசிக்கும் அரச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. அரச நிறுவனத்தில் நடந்தால் 345ஆம் பிரிவோடு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளும் வரும். உச்ச நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்தியக் காரியாலயம் இருக்கிறது, அவசர இலக்கம் 1996. ஒரு அரச உத்தியோகத்தர் காரியம் செய்து தருவதற்குப் பாலியல் சலுகை கேட்டால், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி அது இலஞ்சம். 1954க்கு அழைத்து இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவிடம் சொல்லலாம்.

உங்களுக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை என்றால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணையாளரும் இருக்கிறார்கள், அரச வைத்தியசாலைகள் பலவற்றில் "நட்பு நிலையம்" இருக்கிறது. 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். வைத்தியரிடம் போனால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள், மனப் பாதிப்புக்கு அதுவும் ஆதாரம்.

கலியாணப் பேச்சைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். பேச்சுக்கால் வருகிறவர்களுக்கு எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை நீங்கள் இரண்டு பேரும் இருந்து தீர்மானிக்கலாம். நீங்கள் சொல்லாமல் அவர்களாக ஊர்க்கதையாகக் கேள்விப்படுவதை விட, நீங்கள் சொல்லித் தெரிவது நல்லது என்பது என் எண்ணம். உங்களுக்கு நடந்த குற்றத்தைக் கேட்டு உங்களை எடைபோடுகிற வீடு என்றால், அதைக் கலியாணத்துக்கு முதலே தெரிந்துகொள்வது உங்களுக்கு நன்மை.

சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போங்கள். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு ஆலோசனையும் வழக்கும் இலவசம். போகும்போது நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், அடையாள அட்டை, நான் சொன்ன கொப்பி, எதையும் அழிக்காத போன், எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். விலகல் கடிதத்தையும் கொண்டுபோங்கள், கிழித்துவிட வேண்டாம். எந்த நிலைக்கு உங்களைக் கொண்டுவந்து விட்டார்கள் என்பதற்கு அதுவும் ஒரு சான்றாகலாம்.